சறுக்குத் தடத்தில் மது: சட்டம் சொல்லாததும் நீதிமன்றம் கேட்பதும்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம்.

தங்கள் பத்திரிகையின் குளிர்கால விடுமுறைப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த அல்ப்ஸ் பனிச்சறுக்குப் பயணக் கட்டுரை, போகத்தக்க இடங்களையும் கட்டண விவரங்களையும் பயனுள்ள முறையில் தொகுத்துத் தந்திருந்தது. ஆயினும் அதில் இடம்பெற்ற ஒரு கருத்தை மறுக்காமல் விட முடியவில்லை. சுவிற்சர்லாந்தின் சறுக்குத் தடங்களில் மதுசார அளவுக்குச் சட்ட வரம்பு எதுவும் கிடையாது என்றும், ஆகவே மதிய உணவோடு இரண்டு கிண்ணம் அருந்திவிட்டு இறங்குவது அவரவர் விருப்பம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். வரம்பு இல்லை என்பது உண்மை. அதிலிருந்து அவர் பெற்ற முடிவுதான் தவறானது. இந்நாட்டில் வாழும் நம்மவர் பலரும் அதே முடிவுக்கு வந்திருப்பதைக் காண்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குடி குடியைக் கெடுக்கும் என்று உபதேசிப்பது என் நோக்கமன்று. மத்திய சுவிஸ் பகுதியில், தடத்தின் ஓரத்திலேயே அமைந்த உணவகமொன்றின் சமையலறையில் பல குளிர்காலங்கள் வேலை செய்தவன் நான். அத்தகைய உணவகங்களின் வருமானத்தில் மதுவுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதும், அங்கே அது எந்த வடிவில் பரிமாறப்படுகிறது என்பதும் எனக்குத் தெரியும். சூடான குளூவைன், லுட்சேர்ன் பக்கத்துக்கே உரிய பழச்சாராயம் கலந்த காப்பி, ஒஸ்ரியாவில் றம் கலந்த தேநீராகிய யாகர்தே, இத்தாலியில் முட்டை மதுவும் பிராந்தியும் சேர்த்து மேலே ஆடை மிதக்கத் தரப்படும் பொம்பார்தினோ ஆகிய இவை அனைத்தும் இனிப்பானவை, சூடானவை. இனிப்பும் சூடும் மதுசாரத்தின் காரத்தை மறைத்துவிடுகின்றன. கூட்டம் நெருக்கும் வேளையில் ஒரு கோப்பைக்குள் எவ்வளவு சாராயம் விழுந்தது என்பது ஊற்றியவருக்கே தெரியாது. அப்படியிருக்க, குடிப்பவர் தாம் இரண்டு கிண்ணமே அருந்தியதாகக் கணக்கு வைப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். சுவிஸ் வீதிகளில் சாரதிக்குரிய எல்லை 0.5 புரோமில், அதாவது குருதியின் ஆயிரத்தில் அரைப்பங்கு மதுசாரம். புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்றவர்களுக்கு 2014 முதல் அதுவும் இல்லை. அவர்கள் நடைமுறையில் மதுவே அருந்தாமல்தான் வாகனம் ஓட்ட வேண்டும். இவை வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் ஏற்பாடுகள். சறுக்குத் தடம் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வராததால் அங்கே இந்த எண்ணும் இல்லை. ஒஸ்ரியா, ஜேர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகளிலும் நிலைமை இதுவே. ஆனால் தடத்தில் ஒருவர் இன்னொருவரை மோதிக் காயப்படுத்தினால் வழக்கு வீதிச் சட்டத்தின் கீழ் நடப்பதில்லை; குற்றவியல் சட்டத்தின் கீழ் நடக்கிறது. கவனயீனத்தால் உடற்காயம் விளைவித்தல் 125ஆம் பிரிவு. மரணம் நேர்ந்தால் 117ஆம் பிரிவு. அங்கே நீதிபதி கேட்கும் கேள்வி, குருதியில் எவ்வளவு இருந்தது என்பதோடு நிற்பதில்லை. அந்தச் சரிவில், அந்தப் பனியில், அந்தக் கூட்டத்தில், தம்மைக் கட்டுப்படுத்தக்கூடிய நிலையில் இவர் இருந்தாரா என்பதே கேள்வி.

அதற்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்படுபவை சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் பத்து நடத்தை விதிகள். 1967இல் வகுக்கப்பட்டு 2002இல் திருத்தப்பட்ட இவை எந்தப் பாராளுமன்றமும் இயற்றிய சட்டமல்ல. ஆயினும் லோசானிலுள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் முதல் கீழ் நீதிமன்றங்கள் வரை, ஒருவர் காட்டியிருக்க வேண்டிய கவனத்தை இவற்றை வைத்தே நிறுத்துப் பார்க்கின்றன. இரண்டாம் விதி, ஒவ்வொருவரும் தமது வேகத்தையும் சறுக்கும் முறையையும் தமது திறமைக்கும் நிலத்துக்கும் பனிக்கும் வானிலைக்கும் கூட்டத்துக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. மூன்றாம் விதி, பின்னால் அல்லது மேலிருந்து வருபவரே தம் வழியை முன்னால் இருப்பவருக்கு ஆபத்தில்லாதபடி தெரிவுசெய்ய வேண்டும் என்கிறது. இப்பத்து விதிகளின் வாசகத்தில் மது என்ற சொல் எங்கும் இல்லை. இரண்டாம் விதியை ஊன்றிப் படிப்பவருக்கு அச்சொல் தேவைப்படப் போவதுமில்லை. அமெரிக்கர் இவ்விடயத்தில் நேரடியாகப் பேசுகின்றனர். 2022இல் திருத்தப்பட்ட அவர்களது பொறுப்பு விதிகளில், மதுவாலோ போதைப்பொருளாலோ நிலை தடுமாறியவர் லிப்றையும் தடத்தையும் பயன்படுத்தக் கூடாது என்பது ஒரு தனி விதி. கொலராடோ மாநிலத்திலோ 1979ஆம் ஆண்டின் ஸ்கீ பாதுகாப்புச் சட்டமே இதைத் தடை செய்திருக்கிறது. அங்கும் புரோமில் எண் ஏதும் குறிக்கப்படவில்லை, தடுமாற்றம் என்பதே அளவு.

நீதிமன்றங்கள் இவ்விதிகளை எவ்வளவு கண்டிப்பாகக் கையாளும் என்பதற்கு, மதுவுக்குத் தொடர்பே இல்லாத ஒரு வழக்கைக் குறிப்பிடலாம். 2009 புத்தாண்டு தினத்தன்று ஒஸ்ரியாவின் ஸ்ரயர்மார்க் மாநிலத்தில், அப்போது ஜேர்மனியின் தூரிங்கியா மாநில முதலமைச்சராக இருந்த டீற்றர் அல்தவுஸ், தடங்கள் சந்திக்கும் இடத்தில் பெண்ணொருவருடன் மோதினார். அந்தப் பெண் உயிரிழந்தார். அல்தவுசும் தலையில் கடுங்காயமடைந்தார். அதே ஆண்டு மார்ச்சில் ஒஸ்ரிய நீதிமன்றம் அவரைக் கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றவாளியெனத் தீர்ப்பளித்து 33,300 யூரோ தண்டம் விதித்தது. மதுவின் பேச்சே எழாத வழக்கின் முடிவு இதுவென்றால், குருதியில் மதுசாரத்தோடு அதே இடத்தில் நிற்பவரின் வழக்கறிஞர் எதைச் சொல்லி வாதாடுவார் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

குற்றவியல் வழக்கு என்பது அரிதாக நேர்வது. அதைவிட அடிக்கடி நேர்வதும், குடும்பங்களை உண்மையில் உலுக்குவதும் காப்புறுதி விவகாரம். இந்நாட்டில் ஒரு தொழில் வழங்குநரிடம் வாரத்துக்கு எட்டு மணிநேரமோ அதற்கு மேலோ வேலை செய்யும் அனைவரும், வேலைக்கு வெளியே நேரும் விபத்துக்கும் கட்டாயக் காப்புறுதி பெற்றவர்கள். சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால் வைத்தியச் செலவோடு, வேலை செய்ய இயலாத நாட்களுக்குச் சம்பளத்தின் 80 வீதம் நாட்கொடுப்பனவாகக் கிடைக்கிறது. ஆனால் விபத்துக் காப்புறுதிச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, அத்தகைய விபத்து பாரிய கவனயீனத்தால் நேர்ந்திருந்தால் முதல் இரண்டு ஆண்டுகளில் தரப்படும் நாட்கொடுப்பனவைக் குறைக்க வேண்டும் என்கிறது. வைத்தியச் செலவில் கை வைக்க மாட்டார்கள் என்பது உண்மையே. ஆயினும் ஒரே சம்பளத்தில் வீட்டு வாடகையும் ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணமும் ஓடவேண்டிய வீட்டில், மாதக்கணக்கில் வரும் கொடுப்பனவு குறைவது சிறிய விடயமல்ல. மற்றவருக்கு ஏற்படுத்திய இழப்புக்கான தனியார் பொறுப்புக் காப்புறுதியும் பாரிய கவனயீனம் என்று கண்டால் தான் கொடுத்ததில் ஒரு பகுதியை உங்களிடமே திருப்பிக் கேட்கலாம். கனடாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நம்மைப் பார்க்க வரும் உறவினரின் பயணக் காப்புறுதியில் மது குறித்து என்ன எழுதியிருக்கிறது என்பதை மலைக்குப் போகுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். கெலிகொப்ரர் மீட்புக்கான கட்டணச் சீட்டு பின்னர் வீட்டுக்கு வரும்.

கட்டுரையாளர் பரிந்துரைத்த இடங்களுள் சேர்மற் என்ற சுவிஸ் மலையூரும் ஒன்று. அங்கே தெயோடூல் கணவாய்க்கு அருகே, சுமார் 3,480 மீற்றர் உயரத்தில் சுவிஸ் எல்லையைக் கடந்து இத்தாலியின் செர்வீனியாவுக்குச் சறுக்கிச் செல்லலாம் என்பதை அவர் சிறப்பாக வர்ணித்திருந்தார். எல்லையைக் கடந்ததும் சட்டம் மாறுகிறது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. 2021ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள இத்தாலியச் சட்டம், மது போதையில் சறுக்குவதைத் தெளிவாகத் தடை செய்கிறது. தண்டம் 250 முதல் 1,000 யூரோ வரை. வீதிக்குரிய 0.5 என்ற அளவே அங்கும் அளவாகக் கொள்ளப்படுகிறது. ஸ்கீயில் வரும் கராபினியேரி பொலிஸாரிடம் மூச்சுச் சோதனைக் கருவி இருக்கும். அதே சட்டம் மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கான பொறுப்புக் காப்புறுதியையும் சறுக்குவோர் அனைவருக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆக, சேர்மற் பக்கத்து விடுதியில் மதிய உணவோடு அருந்தியவர், அரைமணி நேரத்தில் செர்வீனியாப் பக்கத்தில் சட்டத்தை மீறியவராகிறார்.

எல்லை தாண்டும் மற்றொரு தடத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். ஒஸ்ரியாவின் இஷ்கிளிலிருந்து சுவிஸ் கிராமமான சம்னவுனுக்குச் சறுக்கி வரும் பலரின் நோக்கமே, சுங்கத் தீர்வை இல்லாத அக்கிராமத்துக் கடைகளில் மலிவாகச் சாராயப் போத்தல் வாங்குவதுதான். வாங்கிய கண்ணாடிப் போத்தலை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு, முதுகெலும்புக்கு நேராக அது இருக்கத் திரும்பிச் சறுக்குகிறார்கள். அருந்தாமலே ஆபத்தைச் சுமக்கும் இந்த ஏற்பாட்டைப் பற்றி எந்த விளம்பரத்திலும் ஒரு சொல் கிடையாது.

சட்டத்தை விட்டு உடலுக்கு வருவோம். இந்நாட்டில் ஒரு வழக்கமான கிண்ணம் என்பது மூன்று டெசிலீற்றர் பியர் அல்லது ஒரு டெசிலீற்றர் வைன். அதில் 10 முதல் 12 கிராம் தூய மதுசாரம் உண்டு. 70 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் விரைவாக இரண்டு கிண்ணம் அருந்தினால் ஏறக்குறைய 0.5 புரோமிலை எட்டுவார். 55 கிலோ எடையுள்ள பெண் அதே இரண்டு கிண்ணத்தில் 0.7ஐ நெருங்குவார் அல்லது தாண்டுவார். உடல் மணிக்கு 0.1 முதல் 0.15 புரோமில் வரையே கழிக்கும். இதில் பலர் மறப்பது முந்திய இரவை. அதிகாலை இரண்டு மணிக்கு 1.5 புரோமிலோடு படுத்தவர் காலை ஒன்பது மணிக்கு முதல் கேபிள் காரில் ஏறும்போது அவரது குருதியில் 0.45 முதல் 0.8 வரை எஞ்சியிருக்கும். அவரோ நன்றாகத் தூங்கி எழுந்ததாகவும் காலை உணவு அருந்தியதாகவும் சொல்வார். காப்பியும் குளிர்ந்த காற்றும் தூக்கத்தைக் கலைக்குமே தவிர, மதுசாரத்தைக் கரைக்க மாட்டா.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம் என்பது நல்ல தடத்தில் நடுத்தரத் திறமையுள்ள ஒருவருக்குச் சாதாரணமாக வருவது. அந்த வேகத்தில் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 14 மீற்றர் கடந்துவிடுகிறோம். மது முதலில் தொடுவது தீர்மானிக்கும் வேகத்தையும் சமநிலையையும் பக்கப் பார்வையையும். இம்மூன்றும் இல்லாமல் சறுக்க முடியாது. அதோடு 3,000 மீற்றர் உயரத்தில் மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தில் கிடைப்பதன் ஏறக்குறைய 70 வீதமே. உயரத்தில் குருதியின் மதுசார அளவு தானாகக் கூடும் என்று சிலர் சொல்வதற்கு அடிப்படை இல்லை. ஒட்சிசன் குறைவாலும் களைப்பாலும் ஏற்கனவே மந்தமான மூளை மீது மது வந்து சேர்கிறது என்பதே விடயம். குளிருக்கு இதமாக இருக்கும் என்ற நம்பிக்கையும் அத்தகையதே. மது தோலின் குருதிக் குழாய்களை விரிப்பதால் முகமும் கையும் சூடானதுபோல் தோன்றும். உள்ளுடலோ அந்தச் சூட்டை வெளியே இழந்துகொண்டிருக்கும். பெரிய சென் பெர்னார்ட் கணவாயின் மீட்பு நாய்கள் கழுத்தில் பிராந்திப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு போனதாக உலகமெங்கும் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்நாய்களுள் புகழ்பெற்ற பாரியின் உடல் பேர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பீப்பாய்க் கதை மட்டும் வெறுங்கதை. உறைந்து கிடப்பவருக்குப் பிராந்தி கொடுப்பது மீட்பாகாது.

இந்த விடயத்தில் மிகவும் ஆபத்தானதென்று நான் கருதுவது மதிய உணவுக் கிண்ணத்தையல்ல, பிற்பகல் நான்கு மணிக்குப் பிந்திய கிண்ணத்தை. பள்ளத்தாக்குக்கு இறங்கும் கடைசித் தடம் பெரும்பாலும் ஒடுங்கியது. நாள் முழுவதும் உழப்பட்ட பனி மேடுமேடாகக் குவிந்திருக்கும். வெயில் இறங்கியதும் அது உறைந்து பளிங்காகும். மங்கிய வெளிச்சத்தில் குழியும் மேடும் ஒரே வெள்ளையாகத் தெரியும். கால்கள் களைத்த நேரம். பாடசாலைச் சறுக்கு முகாம்களிலிருந்து வரும் பிள்ளைகள் வரிசையாக இறங்கும் நேரமும் அதுவே. நமது பிள்ளைகள் பலர் ஸ்கீயில் முதன்முதலாகக் கால் வைப்பது அத்தகைய முகாம்களில்தான். வரிசையின் கடைசியில், கால்களை ஆப்பு வடிவில் விரித்துப் பிடித்துக்கொண்டு இறங்கும் பிள்ளைக்குப் பின்னால் யார் வருகிறார் என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் கடமையும் மூன்றாம் விதிப்படி அதற்கு இல்லை. மேலிருந்து வருபவரின் கண்ணும் காலும் சரியாக இருந்தாலொழிய அந்தப் பிள்ளைக்கு வேறு பாதுகாப்பு இல்லை. குடித்தவர் விழுந்தால் அவர் பாடு என்று சொல்வோர் இதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அதற்கும் பிந்தி, இருட்டும்வரை மலையுணவகத்தில் இசையோடு இருந்துவிட்டு இறங்குபவர்களுக்கு வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. இதைப் பற்றி நம்மவர் பலருக்குத் தெரியாது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கடைசிச் சுற்றுச் சோதனை முடிந்ததும் தடம் மூடப்படுகிறது. அதன்பின் பனியைச் சமன்செய்யும் பெரிய இயந்திரங்கள், இங்குள்ளோர் ரட்ராக் என்று அழைப்பவை, வேலையைத் தொடங்குகின்றன. செங்குத்தான சரிவுகளில் அவை வழுக்காமல் இருக்க, மேலே ஒரு தூணில் கட்டிய உருக்குக் கம்பியால் இழுத்துப் பிடிக்கப்படுகின்றன. அந்தக் கம்பி பல நூறு மீற்றர் நீளமானது. இயந்திரம் ஒரு மேட்டுக்கு அப்பால் இருக்கலாம். அதன் விளக்கு தெரியாது, ஓசை கேட்காது. கம்பி மட்டும் தடத்துக்குக் குறுக்கே பனியோடு பனியாகக் கிடக்கும், அடுத்த கணம் இறுகி மேலெழும்பும். இருட்டில் அதைக் காண வழியில்லை. அல்ப்ஸ் மலையில் இப்படி உயிரிழந்தவர்கள் உண்டு. மூடிய தடத்தில் இறங்குபவருக்கு எட்டாம் விதியும், அதாவது அடையாளங்களையும் அறிவிப்புகளையும் மதிக்க வேண்டும் என்பதும், எதிராகவே நிற்கும். உணவகப் பணியாளர்களும் இதற்கு விலக்கல்லர். கடை மூடியபின் எஞ்சிய போத்தலை ஆளுக்கு ஒரு கிண்ணமாகப் பகிர்ந்துவிட்டுப் பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் இறங்கும் வழக்கம் சமையலறைகளில் உண்டு. அத்தொழிலில் இருக்கும் நம் இளைஞர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். சறுக்குவண்டித் தடங்களில் இரவு ஃபொண்டூ என்ற உருக்கிய பாற்கட்டி உணவை உண்டு, அதோடு கிர்ஷ் என்ற பழச்சாராயமும் அருந்தி, பிடிமானமற்ற வண்டியில் இறங்குவோருக்கும் இது பொருந்தும்.

இத்தாலியைப் போல சுவிற்சர்லாந்தும் ஓர் எண்ணைச் சட்டமாக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதே என் கருத்து. தடத்தில் பொலிஸார் நிற்கப்போவதில்லை, ஆகவே பயனில்லை என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. எண்ணைக் கொடுத்தால் அந்த எண்வரை அருந்துவது உரிமையென்று கொள்வோரும் இருப்பர். ஆயினும் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்ற வாயடைப்பு, கட்டுரையாளர் போன்ற நல்லெண்ணம் உடையோரையும் தவறான வழிகாட்டலுக்குக் கொண்டுசெல்கிறது. அதற்காகவேனும் அந்த எண் பயன்படும். அதுவரை லிப்ற் நிறுவனங்கள் தம்மிடம் ஏற்கனவே உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தலாம். தடுமாறுபவரை நாற்காலி லிப்றில் ஏற்ற மறுக்கவும் அவரது அனுமதிச் சீட்டைப் பறிக்கவும் அவற்றின் பயண நிபந்தனைகள் இடமளிக்கின்றன. நான் கண்டவரை, சீட்டைக் கள்ளமாகக் கைமாற்றியவர்களிடம் காட்டும் கண்டிப்பில் பாதிகூடக் குடித்தவரிடம் காட்டப்படுவதில்லை. மலையுணவகங்கள் கடைசிக் கேபிள் கார் புறப்படுவதற்கு ஒரு மணிநேரம் முன்னதாகச் சாராய வகைகளை நிறுத்துவதும், இறங்க முடியாதவருக்குக் கேபிள் கார் நிலையத்தைக் காட்டி விடுவதும் பெரிய செலவில்லாத ஏற்பாடுகள். கீழே இறங்கி, ஸ்கீயைக் கழற்றி, காலணி மாற்றியபின் அருந்துவதை யாரும் தடுக்கவில்லை. வீட்டுக்குக் காரைச் செலுத்துபவர் யார் என்பதை மட்டும் அப்போது மறந்துவிடக் கூடாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பெப்ரவரி விளையாட்டு விடுமுறை தொடங்குமுன், சம்மேளனத்தின் பத்து விதிகளையும் எளிய தமிழில் தங்கள் பத்திரிகையில் வெளியிட்டால், முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் முகாம்களில் சமையலுக்கு உதவப் போகும் பெற்றோருக்கும் பயனாக இருக்கும். ஒன்பதாம் விதிப்படி விபத்தைக் காண்பவர் உதவ வேண்டும். பத்தாம் விதிப்படி மோதியவரும் சாட்சியும், தவறு யாருடையதாயினும், பெயரையும் முகவரியையும் பரிமாறிக்கொள்ள வேண்டும். இவ்விரண்டையும் அறியாமல் பயத்தில் இடத்தை விட்டு அகன்றவர்களை நான் அறிவேன். அதே பக்கத்தில் அவசர மருத்துவ உதவிக்கான 144ஐயும், றேகா விமான மீட்புச் சேவையின் 1414ஐயும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
பேர்ன், சுவிற்சர்லாந்து.